விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்துக்கிடத்தல்

மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். நம் பாட்டிகள் அம்மியில் அரைத்தார்கள், தோள் வலுத்தது. ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், இடுப்பு விரிந்து சுகப்பிரசவம் ஆனது. குனிந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், அதுதான் அவர்களுடைய சூரிய நமஸ்காரம். குத்தவைத்துத் துணி துவைத்தார்கள், அதுதான் மலாசனம். இன்றைக்குப் பெண்கள் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வாங்கி வைத்துக்கொண்டு யோகா வகுப்புக்குக் காசு கட்டுகிறார்கள். கடைசியில் இரண்டு கைகூப்பும் பொம்மைகள்.

எங்கள் குழுவில் இதை அனுப்புகிறவர்கள் எல்லாருமே ஆண்கள். பணி ஓய்வு பெற்றவர்கள். அம்மிக் குழவி என்ன கனம் இருக்கும் என்று ஒருநாளும் தூக்கிப் பார்க்காதவர்கள்.

என் பாட்டி அரைத்தவள்தான். ஆட்டியவள்தான். ஐம்பத்தைந்து வயதில் கூன் விழுந்து, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிணற்றடியிலிருந்து குடம் சுமந்த பக்கத்து இடுப்பு மற்றதைவிட இறங்கியிருந்தது. ஆட்டுக்கல் காலத்தில் பிரசவத்தில் செத்த பெண்களைப் பற்றித் தனியாகப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை; ஒவ்வொரு குடும்பத்துக் கதையிலும் "இரண்டாம் தாரம்" என்று ஒருத்தி வருவாளே, அவளுக்கு முந்தையவள் என்ன ஆனாள் என்று கேட்டால் போதும்.

அம்மியில் அரைக்கிறவள் சட்னிக்காக அரைக்கிறாள். சட்னி ஆனதும் அடுத்த வேலை காத்திருக்கிறது. தோள் எங்கே இறுகியிருக்கிறது, மூச்சு எங்கே தடைபடுகிறது என்று பார்க்க அந்த வேலையில் இடமே கிடையாது. ஒரே தோள், ஒரே பக்கம், ஒரே குனிவு, நாற்பது வருடம். இதற்குப் பெயர் தேய்மானம். இதை யோகா என்று அழைப்பது கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்புக்கு ஆசனத்தின் பெயரைச் சூட்டி நன்றிக்கடனையும் கழித்துக்கொள்கிற வேலை. அதனால்தான் நான் மூன்று வருடமாகச் செய்துவரும் யோகாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கிற யாரும் வீட்டு வேலையோடு குழப்பிக்கொள்ள முடியாது. ஏனென்றால் அதில் நான் பெரும்பாலும் படுத்துக் கிடக்கிறேன்.

யின் யோகா என்று அதற்குப் பெயர். ஆசனங்கள் குறைவு. எல்லாமே தரையில்: உட்கார்ந்து, மல்லாந்து, குப்புறப் படுத்து. ஒரு நிலைக்குப் போனால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். பழகியவர்கள் இன்னும் கூடுதலாக இருப்பார்கள். உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விழவிட்டு, முதுகை வளைத்து முன்னால் தொங்கவிட்டால் பட்டாம்பூச்சி. கால்களை நீட்டிக்கொண்டு அதேபோல் குனிந்தால் கம்பளிப்புழு. ஒரு காலை மடக்கி முன்னால் போட்டு, மற்றதைப் பின்னால் நீட்டி, மேலுடம்பைத் தரைமேல் சாய்த்தால் உறங்கும் அன்னம். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கினால் ஸ்பிங்க்ஸ். உடம்பு மெல்லத் தடுக்கிற இடம்வரை மட்டும் போ, அங்கே அசையாமல் இரு, நேரம் கொடு. இவ்வளவுதான் விதி. தசையை இறுக்கக் கூடாது. தலையணை, மடித்த போர்வை, சுவர் எதை வேண்டுமானாலும் முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம். சுரீரென்று வலித்தாலோ மரத்துப்போனாலோ வெளியே வந்துவிட வேண்டும்.

சூரிய நமஸ்காரம் போன்ற பயிற்சிகளில் தசை சூடாகி வேலை செய்கிறது. இங்கே தசையைத் தளர்த்திவிடுகிறோம். அதனால் அந்த மெல்லிய இழுவை இடுப்பு மூட்டையும் கீழ் முதுகையும் சுற்றியுள்ள தசைநார்களுக்கும், தசைகளைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளுக்கும் போகிறது என்பது இதன் அடிப்படை எண்ணம். அவை தசையைப் போல உடனே நெகிழ்வதில்லை. கொஞ்சம் பாரம், நிறைய நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வரும்போது எண்பது வயதுக் கிழவி மாதிரிதான் எழுந்திருப்போம். மெதுவாக, ஒரு கையை ஊன்றி. ஒரு நிமிடத்தில் அது சரியாகிவிடும்.

என்ன கிடைத்தது என்று கேட்டால், முதலில் தூக்கம். பிறகு, காலையில் எழுந்ததும் நிமிர முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பேனே, அது போனது. ஸ்வீடனில் மன அழுத்தம் கூடுதலாக இருந்த 105 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வாரம் யின் யோகா செய்தவர்களுக்குப் பதற்றமும் தூக்கச் சிக்கலும் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அழுத்தத்தோடும் நாட்பட்ட நோய்களோடும் தொடர்புடைய அட்ரினோமெடுலின் என்ற பொருளும் ரத்தத்தில் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஐந்து வாரம்தான். அதற்கு மேல் இதை ஊதிப் பெருக்க எனக்கு விருப்பமில்லை. இடுப்புக்குள் பழைய துக்கம் சேர்ந்திருக்கிறது, முறுக்கினால் நச்சு வெளியேறுகிறது, சிறுநீரக நாடி திறக்கிறது என்றெல்லாம் வகுப்புகளில் சொல்கிறார்கள். நிரூபிக்கப்படாத பேச்சு. துக்கம் எங்கே சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது இடுப்பில் இல்லை. கர்ப்பிணிகளும், இயல்பிலேயே மூட்டு அளவுக்கு மீறி வளைகிறவர்களும் இந்த நீண்ட இழுவையில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்த விளம்பரத்திலும் காணோம்.

நான் சொல்ல வருவது மூன்றாவது நிமிடத்தைப் பற்றி.

முதல் நிமிடம் உடம்பு இடம் பார்க்கும். இரண்டாவது நிமிடம் அமரும். மூன்றாவது நிமிடம் வந்ததும் எழுந்து போக வேண்டும் போலிருக்கும். வலியினால் இல்லை. பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேனா? காயப்போட்ட துணியை எடுக்கவில்லையே. கேஸ் புக் பண்ண வேண்டும். பையனுக்கு நாளை என்ன டிபன்? யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் ஆளே இல்லை, ஆனாலும் உடம்பு எழுந்துகொள்ளத் துடிக்கும். அந்தத் துடிப்பை அசையாமல் படுத்தபடி பார்த்த முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பத்தாறு வருடம் யார் யாரோ கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூப்பிடாதபோதும் எழுந்துகொள்கிற உடம்பாக இதை ஆக்கியிருக்கிறார்கள். இப்போது அவர்கள் யாரும் தேவையில்லை. எனக்குள் ஒரு அலாரம் இருக்கிறது, அதற்குச் சாவி கொடுப்பதும் நானே.

அந்த நிலைகளைப் பாருங்கள். தொடையை அகட்டி உட்காருவது. குப்புறப் படுப்பது. மல்லாந்து, முழங்கால்களை விரித்து, கைகளைப் பரப்பிக் கிடப்பது. வயதுக்கு வந்ததிலிருந்து நமக்கு மறுக்கப்பட்ட நிலைகளின் பட்டியல் இது. பொம்பளப் புள்ள காலை ஒடுக்கி உட்காரு. காலை நீட்டாதே, பெரியவங்க வர்றாங்க. மல்லாக்கப் படுக்காதே. குப்புறப் படுக்காதே. கால்மேல் கால் போடாதே. விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன படுக்கை, மூதேவி வருவாள். எங்கள் வீட்டில் ஒரு பெண் பகலில் படுத்திருந்தால் மூன்றே காரணம்தான்: காய்ச்சல், பிரசவம், தூரம். நாலாவதாக ஒன்று உண்டு, அதற்குப் பிறகு எழுந்திருக்க வேண்டியதில்லை. "அவ படுத்துட்டா" என்றால் நம் பேச்சில் நோயில் விழுந்துவிட்டாள் என்றுதானே பொருள்? அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டு முற்றத்துத் திண்ணையில் மல்லாந்தால் அதற்குக் கண்ணயர்வது என்று பெயர். நாங்கள் சத்தம் போடக் கூடாது.

அம்மா தன் வாழ்க்கையில் பகலில் கால் நீட்டியது மாதத்தில் அந்த மூன்று நாள்தான். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், தனிப் பாயில், தனித் தட்டோடு. தீட்டு என்ற அவமானம்தான் ஓய்வுக்கு அவள் கொடுத்த விலை. அந்த மூன்று நாளைக் காட்டி "நம் முன்னோர் பெண்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள்" என்று அறிவியல் பேசுகிறவர்களும் அதே வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். தீட்டாக இருந்தால்தான் படுக்கலாம் என்பது ஓய்வா? மீதி இருபத்தேழு நாளுக்கு என்ன பதில்?

யோகா என்பதே யாருடைய நேரத்தில் நடந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, யோகப் பயிற்சிக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று சொல்கிறது: நல்லாட்சி நடக்கும் ஊர், உணவுக்குப் பஞ்சமில்லாத இடம், தொந்தரவு இல்லாத தனிக் குடில். தொடக்கக் காலத்தில் விலக்க வேண்டியவை என்று நெருப்பு, பெண், வழிநடை ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நெருப்பை விலக்கச் சொன்னால் நான் எங்கே போவது? பெண்ணை விலக்கச் சொன்னால் கண்ணாடியை மூட வேண்டும். உணவு தாராளமாகக் கிடைக்கிற ஊர் என்றால் அந்த ஊரில் யாரோ ஒருத்தி நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். குடிலின் அமைதிக்குக் கணக்கு எழுதினால் அவள் பெயரில்தான் எழுத வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டிலும் கதவு எளிதில் திறக்கவில்லை. 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலை சிறுவர்களுக்கானது. பின்னாளில் இந்திரா தேவி என்று அறியப்பட்ட, ரீகாவில் பிறந்த பெண் அங்கே போய்க் கற்றுக்கொடுக்கக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அவர் பின்னர் ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்தார். இன்றைக்கு நகரத்து யோகா வகுப்பு எதை எட்டிப் பார்த்தாலும் பெண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். விலக்க வேண்டிய பட்டியலில் இருந்தவர்கள்தான் இப்போது கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர்கள். அதைப் புரட்சி என்று சொல்லிவிட மாட்டேன்.

யின் யோகாவும் இமயமலையிலிருந்து இறங்கி வந்ததில்லை. கலிஃபோர்னியாவில் குங்ஃபூ வீரரான பாலி ஸிங்க் தாவோ மரபுப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். 1980-களின் கடைசியில் அவரிடம் கற்ற பால் கிரில்லி அதில் மெதுவான தரைப் பயிற்சிகளை எடுத்து வளர்த்தார். யின் யோகா என்ற பெயர் நிலைத்ததில் சாரா பவர்ஸ் என்ற ஆசிரியைக்குப் பங்குண்டு. நாற்பது வருடச் சரக்கு. "ஐயாயிரம் ஆண்டு" என்று துண்டுப் பிரசுரத்தில் போடுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஐயாயிரம் ஆண்டுப் பழமை எதிலும் எனக்கு இடம் இருந்ததில்லை என்பதால், நேற்று முளைத்ததில் உட்கார எனக்குக் கூச்சமில்லை.

கூச்சம் அந்தப் பெயரில்தான். யின் என்ற சீனச் சொல் மலையின் நிழல் விழுகிற பக்கத்தைக் குறித்தது. யாங் வெயில் படுகிற பக்கம். அது நல்ல உவமை. சூரியன் நகர நகர நிழல் பக்கம் மாறும், எந்தச் சரிவும் நிரந்தரமாக யின் ஆகிவிடாது. ஆனால் மெல்ல மெல்ல யின் என்றால் பெண், இருட்டு, குளிர்ச்சி, பணிவு, ஏற்றுக்கொள்ளுதல். யாங் என்றால் ஆண், ஒளி, செயல் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். இப்போது யோகா நிலையங்கள் அந்த அட்டவணையை அப்படியே விற்கின்றன. "உங்கள் பெண்மையோடு மீண்டும் இணையுங்கள்." "விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்." ஐயா, விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ள எனக்குக் கட்டணம் கட்டி வகுப்பா? அதை எனக்குப் பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மெதுவாக இருப்பது பெண்ணின் இயல்பு என்றால் காலை ஐந்து மணியிலிருந்து ஓடுகிறவள் யார்? மெதுவாக இருப்பதும், சாய்ந்து கிடப்பதும், அடுத்தவர் செய்து கொடுப்பதை ஏற்றுக்கொள்வதும் நான் வளர்ந்த வீட்டில் முழுக்க முழுக்க ஆண்களின் குணங்களாக இருந்தன. அந்த அட்டவணைப்படி பார்த்தால் என் அப்பாதான் நான் பார்த்ததிலேயே முழுமையான யின்.

இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் ஏதோ ஒன்றைச் செய்கிறேன் என்று சொன்ன ஆண்களுடைய கணக்கு மட்டும். அப்படிச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81. வித்தியாசம் 202 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிலை என்றால் நாற்பது நிலை. யோகாவின் நன்மைகளைப் பற்றி யாராவது என்னிடம் சொற்பொழிவு ஆற்ற வந்தால் முதலில் இந்த 202 நிமிடத்தைப் பற்றிப் பேசச் சொல்வேன். மூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு ஜூன் 21 அன்று பெண் ஊழியர்களுக்கென்று சிறப்பு யோகா முகாம் வைத்தார்கள். தலைப்பு, வீட்டையும் வேலையையும் சமன் செய்வது. எங்கள் பிரிவில் அப்போது ஏழு பேர் செய்ய வேண்டிய வேலையை நான்கு பேர் செய்துகொண்டிருந்தோம். காலி இடங்களை நிரப்பச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதிலில்லை. முகாம் காலை ஏழரைக்கு. அதாவது வீட்டில் எட்டு மணிக்குச் செய்யும் வேலைகளை ஆறு மணிக்கே முடித்துவிட்டு வர வேண்டும், மன அழுத்தம் குறைய. வந்த பயிற்சியாளர் நல்ல மனிதர். கண்ணை மூடச் சொல்லி, "குடும்பத்தில் எல்லாரையும் மன்னியுங்கள்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி கண்ணைத் திறக்காமலே "எத்தனை பேரை சார்?" என்றாள். அதிகாரிகள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். காலி இடங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன. யோகா இங்கே என்ன செய்தது? ஆள் பற்றாக்குறையை என் நரம்பு மண்டலத்தின் குறையாக மாற்றிக் காட்டியது.

ஓய்வைக் கேட்டு வாங்கிய பெண்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி துணி விற்ற பெண்கள், விஜி தொடங்கிய பெண்கூட்டு என்ற அமைப்பில் சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார நாற்காலி கேட்டார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவதைக்கூடக் குற்றமாக வைத்திருந்த கடைகள் அவை. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது. வெரிகோஸ் நரம்பு புடைத்த கால்களைக் காட்டித்தான் அந்தப் பெண்கள் பேசினார்கள். உள்மன அமைதியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனாலும் உடம்பின் ஓய்வு யாருடைய சொத்து என்ற கேள்வியை எந்த யோகா நூலைவிடவும் அவர்கள்தான் சரியாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். தீபாவளி நெருக்கத்தில் நம் ஊர் ஜவுளிக்கடைக்குப் போகும்போது அந்த நாற்காலி எங்கே இருக்கிறது, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

என் தோழிகளில் சிலருக்கு நான் இதை எழுதுவதே பிடிக்கவில்லை. பாயும் தலையணையும் வைத்துக்கொண்டு மெல்ல மூச்சு விடுவது நடுத்தர வர்க்கச் சொகுசு, இதைப் போய்ப் பெண்ணியத்தில் சேர்க்காதே என்கிறார்கள். பாதி சரி. சொகுசு என்பது ஒருத்திக்கு மட்டும் இருக்கும்வரைதான் சொகுசு. எட்டு மணி நேர வேலைகூட ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் மீதிப் பாதியை நான் தட்டிக்கழிக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்கா மாலை ஐந்தரைக்கு வருவார். நான் அலுவலகத்திலிருந்து வந்து பாயை விரிக்கிற நேரமும் அதுதான். ஒருநாள் நான் உறங்கும் அன்னத்தில் கிடந்தபோது அவர் மாப்போடு வந்து நின்றார்.

"ஏம்மா, முடியலையா?"

"இல்லக்கா, யோகா."

"யோகான்னா தலைகீழா நிப்பாங்கள்ல?"

"இது சும்மா படுத்து இருக்கிறது."

"சும்மா படுக்கிறதுக்கா கிளாஸ் போறீங்க?" சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். "எவ்வளவும்மா வாங்குறாங்க?"

நான் பாதித் தொகையைச் சொன்னேன். முழுத் தொகை அவருக்கு நான் மாதம் கொடுத்ததில் பாதிக்கு மேல். அவர் என்னைச் சுற்றித் துடைத்துவிட்டு, "கால இப்படித் தள்ளும்மா" என்று, அந்தப் பக்கமும் துடைத்தார். மூன்றாவது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் பட்டாம்பூச்சிக்கும் அன்னத்துக்கும் தேவையான நாற்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அதற்கு முன்பே தெரியாதா என்ன? என் கணவரின் 97 நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்கூட நான் எடுக்கவில்லை. அக்காவின் நேரத்திலிருந்து வாங்கியிருந்தேன், மலிவாக.

இதைக் குற்ற உணர்ச்சியாக வைத்துக்கொண்டு பாயைச் சுருட்டி வைத்துவிடுவது சுலபம். நம்மில் பலர் செய்வதும் அதுதான். குற்ற உணர்ச்சி என்பது வேலையில்லாத வேலை. பாய் இருக்கட்டும், கணக்கை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுப் பணியாளர்கள் குறித்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்றுக்கொண்ட 189-ஆம் உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசு செய்யாவிட்டால் என் வீட்டில் செய்ய என்ன தடை? ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை, சம்பளப் பிடித்தம் இல்லை, வருடத்துக்கு ஒரு மாத போனஸ், மாதச் சம்பளமும் உயரும் என்று சொன்னேன். அந்த உயர்வு எவ்வளவு என்பதை இங்கே எழுதிப் பெருமை தேடிக்கொள்ள மாட்டேன். முன்பு கொடுத்தது எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரத்தைக் கணவரும் பையனும் தேய்க்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நான்தான் தேய்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை சிங்க்கில் குவிந்து கிடந்தால் கிடக்கட்டும் என்று அசையாமல் இருக்க எனக்கு அந்த இரண்டு மாதம் பிடித்தது. அது நான் செய்ததிலேயே கடினமான ஆசனம். வலுவான முட்டுத் தலையணை எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற திட்டம் வந்த மறுவாரம் கணவர் நல்ல ஸ்டீல் ஸ்க்ரப்பர் வாங்கி வந்து, அது இருந்தால் எவ்வளவு சுலபம் பார் என்று எனக்கே விளக்கினார்.

என் நேரம் இப்போது மாலை ஆறு. விளக்கு வைக்கிற நேரம்தான். எழுபத்திநாலு வயது அம்மா ஹாலில் நாற்காலியில் இருப்பாள். முதலில் "இந்த நேரத்தில் படுக்காதடி" என்றாள். பிறகு ஒன்றும் சொல்வதில்லை. அவளால் தரையில் உட்கார முடியாது. கட்டிலில் சாய்த்து, முழங்கால்களுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துப் பட்டாம்பூச்சி போட்டுவிட்டேன். உடனே புடவையை இழுத்துக் கணுக்காலை மூடினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். ஒரு நிமிடத்தில் "போதுமா?" என்றாள். இரண்டு நிமிடத்தில் "அடுப்புல ஏதாவது இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். நாலாவது நிமிடம் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து. நான் எழுப்பவில்லை. விளக்கை அன்றைக்கு யாரும் ஏற்றவில்லை.

அக்காவின் முதல் ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை அவர் வந்தபோது, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஊறப்போட்டிருந்த போர்வையெல்லாம் துவைத்தாராம். மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்துக்கொண்டாராம், மகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வீட்டுக்காரருக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தாராம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறாளே என்று அவர் இரண்டு நண்பர்களையும் கூட்டி வந்துவிட்டாராம்.

"கொஞ்சம் படுத்தீங்களாக்கா?"

"நீ வேறம்மா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போட ஆரம்பித்தார்.